கஞ்சி போட்ட சுருள்

கிதாரைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கியில் குறி பார்ப்பது போலப் பார்க்கிறார் ஐயாதுரை. வெயிலில் கழுத்து வளைந்திருக்கிறதா என்று அவருக்கு அப்படித்தான் தெரியும். "லேசா வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கி" என்று சொல்லிவிட்டு, கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைச் சாவி போட்டுக் கொஞ்சம் முறுக்குகிறார். தளவாய்புரம் மேடையில் மைக் செட்காரர் இன்னும் குழாயே கட்டவில்லை. மற்ற வாத்தியக்காரர்கள் டீக்கடையில் இருக்கிறார்கள்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் அவர் ஃபிட்டர். கச்சேரி உள்ள நாட்களில் எங்கள் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார். நான் குழுவின் அறிவிப்பாளன், அதாவது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அறுக்கிறவன்.

ஒருமுறை தறி அவருடைய இடது கையைக் கடித்துவிட்டது. இரண்டு விரல்களில் வலு இல்லை. கம்பி உயரமாக இருந்தால் அழுத்த வராது. ரொம்பத் தாழ்ந்தால் கட்டையில் உரசிக் கரகரக்கும். தறியில் இடைவெளி பார்க்கிற தகட்டையே கம்பிக்கடியில் நுழைத்து நுழைத்துப் பார்த்து, தன் விரலுக்கு ஏற்ற உயரத்தைப் பிடித்திருக்கிறார். தோளில் மாட்டும் வாரையும் சுருக்கி, கிதாரைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு வைத்துக்கொள்வார். தொடை வரை தொங்கவிட்டால் பார்க்க அழகாக இருக்குமே என்று கேட்டேன். "கைக்கு அளவெடுத்துத்தான சட்ட தைக்கான். கைய நறுக்கியா சட்டைக்குள்ள விடுதான்?" என்றார். அதற்குப் பிறகு நான் அவரிடம் அழகைப் பற்றிப் பேசுவதில்லை.

கடைசி வேலை பேண்டேஜ். தறிக்கூடத்தில் கழித்துப்போட்ட துணியை விரல் தடிமனில் சுருட்டி, கிதாரின் அடிப்பக்கம் கம்பிகளுக்குக் கீழே செருகுவார். அப்போதுதான் ஓசை இழுபடாமல் 'தும்' என்று விழுந்து அடங்கும். அழுக்கேறி அழுக்கேறி மெத்தென்று ஆகிவிட்ட துணி. அவர் வாசிப்பின் உயிரே அதில்தான் என்பது என் கட்சி.

போன ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கச்சேரி. குழுத் தலைவர் உப்பிலி புதிதாகக் கீபோர்டு வாங்கியிருந்தார். "இதிலேயே பேஸும் வர்றது ஐயாதுரை. இன்னிக்கு ஒரு நாள் நீங்க வாசிக்கிறதக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு ஆள் குறைந்தால் வேனில் தாராளமாக உட்காரலாம் என்ற எண்ணம் அவருக்கு உண்டு.

தேர்க் கூட்டத்தில் வேன் மாட்டிக்கொண்டு, போய்ச் சேர்ந்தவுடனே மேடை ஏறவேண்டியதாயிற்று. ஐயாதுரை பெட்டியைத் திறந்தால், சுருள் பளிச்சென்று இருந்தது. ஆண்டாள் ஊருக்கு அழுக்குத் துணியோடு போவதாவது என்று அவர் மனைவி சீனியம்மாள் அதைத் துவைத்து, நீலம் முக்கி, கஞ்சி போட்டு, பழையபடி சுருட்டி வைத்திருந்தார். வேறு வழியில்லாமல் அதையே செருகினார். முதல் பாட்டில் பேஸ் பலகையைத் தட்டுவது போல 'டக் டக்' என்றது. உப்பிலியின் இடது கை கீபோர்டில் பேஸ் வருகிற ஓரத்துக்கு நகர்ந்தது.

நான் மைக்கைப் பிடித்தேன். அடுத்த பாட்டின் பெயரைச் சொல்லாமல், தேரைப் பற்றியும் வடத்தைப் பற்றியும் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அதற்குள் ஐயாதுரை என் தண்ணீர்த் தம்ளரில் சுருளை முக்கிக் கசக்கி, ஒட்டப் பிழிந்து, சட்டையில் துடைத்துச் செருகிவிட்டார். அடுத்த பாட்டில் 'தும்' என்று விழுந்தது. உப்பிலி கையை எடுத்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கச்சேரி முடிந்ததும் கூட்டத்திலிருந்து சீனியம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "துணி எப்பிடிங்க இருந்துச்சு? தண்ணியில எம்புட்டு அழுக்குப் போச்சு தெரியுமா?"

"இன்னைக்குத்தான் துணி துணியா இருந்துச்சு" என்றார் ஐயாதுரை.

அன்றிலிருந்து ஒவ்வொரு கச்சேரிக்கும் புதுக் கஞ்சி. நானும் இரண்டு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி வைக்கிறேன்.

இதோ, தளவாய்புரத்தில் முறுக்க வேண்டியதையெல்லாம் முறுக்கி முடித்துவிட்டார். சீனியம்மாள் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்து கையை ஆட்டுகிறார். ஐயாதுரை வெள்ளைச் சுருளைத் தூக்கிக் காட்டி, தலையை ஆட்டிவிட்டு, அவருக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்து, அதைத் தம்ளருக்குள் முக்குகிறார்.