எனக்கு வந்தது மெட்ராஸ் ஐ அல்ல

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் நான் பாதுகாப்பு அதிகாரி. யாருக்கும் பிடிக்காததைச் சொல்லிக்கொண்டே நடப்பதுதான் வேலை. வெல்டிங் பகுதிக்குள் நான் நுழைந்ததும் எல்லா ஷீல்டுகளும் முகத்துக்கு இறங்கும். நான் கடந்ததும் ஒவ்வொன்றாக நெற்றிக்கு ஏறும். திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் ஊரார் கண்களைக் காப்பாற்றி வந்தேன்.

அதிலும் டேக் அடிக்கும்போது, அதாவது இரண்டு துண்டுகளைச் சேர்த்து நிறுத்த ஒரு புள்ளி மட்டும் பற்றவைக்கும்போது, ஷீல்டு போடுவதை அவர்கள் கௌரவக் குறைச்சலாக நினைத்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்துவிடுவார்கள். இந்த வித்தையில் கெட்டிக்காரர் ஒருவர் உண்டு. என் வயதுதான். பட்டாபிராமில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். எங்கள் கேட் ஒரு பக்கம் தொங்கிப்போனபோது அவரைத்தான் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, பத்து மணிக்கு மெஷினோடு வந்தார். ஷீல்டை மதில்மேல் வைத்துவிட்டு வெறும் முகத்தோடு உட்கார்ந்தார். விடுவேனா? கால் மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவர் ஷீல்டை மாட்டிக்கொண்டார். முன்பு கேட் செய்தவன் ஏமாற்றியதால், இவர் முழுசாகப் பற்றவைக்கிறாரா என்று பார்க்க நான் பக்கத்திலேயே குனிந்து நின்றேன்.

"சார், உள்ள போங்க. கண்ணுல லைட்டு அட்ச்சிரும்."

"நான் போட்டிருக்கறது சாதாரணக் கண்ணாடி இல்லைங்க. நீல வெளிச்சத்தையே உள்ள விடாது."

"அது செல்போனுக்கு சார்."

எனக்குக் கோபம் வந்தது. ஆவடி கண்ணாடிக் கடைக்காரர் என் கண்ணெதிரே ஒரு நீல டார்ச்சை அந்தக் கண்ணாடியில் அடித்துக் காட்டியிருந்தார். வெளிச்சம் மறுபக்கம் வரவே இல்லை. அந்த ஒரு டார்ச்சில் என் பன்னிரண்டு வருடப் படிப்பும் கவிழ்ந்தது. ஒரு மணி வரை நின்று பார்த்தேன்.

சாயங்காலம் ஆறரைக்குக் கண்ணில் யாரோ ஆற்று மணலை அள்ளிப் போட்டார்கள். இமையைத் திறக்க முடியவில்லை, மூடினாலும் எரிந்தது. குருடாகிவிடுவேன் என்றே நினைத்தேன். அழுதேன், எப்படியும் நீர் கொட்டிக்கொண்டிருந்ததால் அது வெளியே தெரியவில்லை. கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிய மனைவி, "காலைல அவருக்கு எடுத்த கிளாஸ ரெக்கார்டு பண்ணியிருக்கலாம்" என்றாள்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வெல்டிங் வேலையா?" என்றார்.

"இல்ல மேடம். சேஃப்டி ஆபீசர்."

அவர் சிரிக்காதது அவருடைய பெருந்தன்மை. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொட்டு மருந்து எழுதி, சீட்டின் மேலே காரணத்தையும் எழுதினார்: வெல்டிங் வெளிச்சத்தை நேராகப் பார்த்தது.

மறுநாள் தொழிற்சாலையில் பாதுகாப்பு நாள். உறுதிமொழியை வாசிக்க வேண்டியவன் நான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய் நின்றேன். முதலாளி எல்லார் முன்னாலும் கேட்டார்: "கண்ணுக்கு என்னாச்சு?"

"மெட்ராஸ் ஐ சார்."

எப்படித்தான் வாயில் வந்ததோ. முதலாளி இரண்டடி பின்னால் போனார். மெட்ராஸ் ஐ வந்தவர் உள்ளே வரக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியவனே நான்தான். முதலாளி முதல் வரிசையில் நின்ற நம் வெல்டரைப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரே ஏரியாதானே?"

அவர் என்னை ஒரு விநாடி பார்த்தார். "ஆமா சார். எங்க பக்கம் அதான் சுத்திகினு கீது."

என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். உறுதிமொழித் தாள் அவர் கைக்குப் போனது. கவசம் இல்லாமல் நெருப்பின் பக்கம் போக மாட்டேன் என்று அவர் வாசிப்பதும், மொத்தப் பேரும் திருப்பிச் சொல்வதும் வாசல் வரை கேட்டது.

வியாழக்கிழமை திரும்பினேன். வெல்டிங் பகுதிக்குள் நுழைந்தேன். வழக்கம்போல எல்லா ஷீல்டுகளும் இறங்கின, அவருடையதைத் தவிர. வெறும் முகத்தோடு வெல்டிங் ராடைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"கண்ணு எப்டி கீது சார்?"

"பரவால்ல."

"நல்லது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடி என் எதிரிலேயே ஒரு டேக் அடித்தார். நான் அடுத்த மேஜைக்கு நகர்ந்தேன். என் மானத்தை அவர் காப்பாற்றியிருக்கிறார். அதற்குப் பதிலாக அவர் கண்ணை நான் விட்டுக்கொடுக்க வேண்டுமாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் சீட்டைக் கொண்டுபோய், நோட்டீஸ் பலகையில் உறுதிமொழிக்குக் கீழே குத்தினேன். என் பெயர், என் வயது, காரணம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. டீ நேரத்துக்குள் தொழிற்சாலை முழுக்கச் சிரித்தது. முதலாளி படித்துவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெல்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னா சார் இது? நான்தான் சமாளிச்சிட்டேன்ல?"

"அன்னைக்குக் குருடாயிடுவேன்னு பயந்துட்டேங்க. உங்களுக்கு அப்படி வந்ததே இல்லையா?"

"வராம? மாசம் ரெண்டு வாட்டி வரும். உருளக்கெழங்க வெட்டி கண்ணு மேல வச்சிகினு பட்த்துருவேன். பொண்ணு கேட்டா தலவலின்னு சொல்லுவேன்."

ஒரே ஒரு நாள் பட்டதற்கே ஆட்டோவில் அழுதுகொண்டு போனவன் நான். இவர் மாதா மாதம் பட்டிருக்கிறார், நான் தினமும் அவரைக் கடந்து நடந்திருக்கிறேன்.

மதியம் சுற்றுக்குப் போனேன். ஷீல்டுகள் இறங்கின. கடைசி வரை நடந்து, பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். எல்லாம் ஏறியிருந்தன. ஒன்று மட்டும் இறங்கியபடியே இருந்தது. அதன் பின்னால் அவர் டேக் அடித்துக்கொண்டிருந்தார்.