மஞ்சளாய் விழுந்த படம்

என் அக்கா வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. நடுவில் ஒரே சுவர் என்பதால் அத்தானின் புலம்பல் முழுக்க எனக்கு இலவசம். எப்போது பார்த்தாலும் வெளிச்சம் சரியில்லை என்பார். அதனால் தெருவில் அவருக்குப் பெயரே 'வெளிச்சம்'தான்.

கடையைத் திறந்ததும் முதல் வேலையாக முக்காலியில் தானே உட்கார்ந்து ஒரு படம் எடுத்துப் பார்ப்பார். தன் முகம் சரியான நிறத்தில் வரும்வரை விளக்கையும் கேமராவையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுவார். தன் முகத்தைவிட நம்பகமான அளவுகோல் கிடையாதாம்.

போன மழைக்காலத்தில் அந்தப் படம் மஞ்சளாக விழ ஆரம்பித்தது. பல்பு பழசு என்று புதுசு மாட்டினார். அதுவும் மஞ்சள். விற்றவனோடு சண்டைக்குப் போய்விட்டு வந்தார். கடைசியில் கேமராவுக்குள்ளேயே மஞ்சளைக் குறைத்து நீலத்தைக் கூட்டி, தன் முகத்தை ஒருவழியாகச் சரியான நிறத்துக்குக் கொண்டுவந்தார்.

அன்று பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த டீச்சரம்மா படத்தில் நீலம் பாரித்துப்போய் விழுந்தார். பிணம் மாதிரி இருக்கிறேனே என்று அவர் குறைப்பட, உங்கள் புடவைதான் காரணம் என்று இவர் வாதாட, பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, என்றுமில்லாமல் சாப்பாட்டுக் கேரியரோடு அக்கா வந்தாள். படத்தைப் பார்த்தாள், டீச்சரம்மாவைப் பார்த்தாள். பிறகு அத்தானின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்து, பகல் வெளிச்சத்தில் அவர் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"லைட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள். "நீங்கதான் மஞ்சளா இருக்கீங்க."

தினமும் பார்க்கிற முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் நிறம் யாருக்குத்தான் பிடிபடும்? விடியுமுன் கிளம்பி, இருட்டியபின் திரும்புகிற மனிதர் வேறு.

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பூதங்கள் கிளம்பின. சிறுநீர் கறுத்துப் போகிறதா? போகிறது, தண்ணீர் குறைவாகக் குடிப்பதால். மலம்? வெளுத்து, எண்ணெய் மிதந்தது, கடைச் சாப்பாடு. உடம்பு அரிப்பு? அதற்குச் சோப்பை மாற்றியாயிற்று. மேல்வயிற்றில் கிளம்பி முதுகுக்குப் போகிற ஒரு வலி, முன்னால் குனிந்தால் கொஞ்சம் அடங்கும். அந்தப் பழி முக்காலிக்கு. புதிதாகச் சர்க்கரை வந்திருந்தது. இளைத்ததற்குச் சர்க்கரைப் பத்தியம்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்தோம். ஆளே இளமையாகிவிட்டார் என்று சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். எரிச்சலாக வருகிறது இப்போது நினைத்தால்.

தனித்தனியாகப் பார்த்தால் இவை யாருக்கும் வரக்கூடியவை, பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான் இருக்கும் என்றார் டாக்டர். ஆனால் மஞ்சள் காமாலை என்றாலே உடனே வந்திருக்க வேண்டும்; இந்த வயதில் புதுச் சர்க்கரையும் காரணமில்லாத இளைப்பும் சேர்ந்தால் கணையத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். வயிற்றுக்குள் அப்படி ஒரு உறுப்பு இருப்பதே அத்தானுக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு ஸ்கேன், ரத்தம், மறுபடி ஸ்கேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தே எங்கள் நாட்கள் கழிந்தன. கணையத்தின் தலைப்பக்கம் கட்டி, புற்றுநோய். பித்தக்குழாயை அது அடைத்ததால்தான் மஞ்சள் காட்டிக்கொடுத்ததாம். வேறு இடமாக இருந்தால் சத்தமில்லாமல் வளர்ந்திருக்குமாம். அறுவை சிகிச்சை செய்யலாம், முழுதாக எடுக்க முடியுமா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்கள்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை, அத்தான் அக்காவிடம் தானாகவே வாயைத் திறந்தார். "வலியை உங்கிட்ட சொல்லாம மறைச்சிட்டேன். ஏதாவது திட்டேன்."

"திட்டறதுக்கு நீங்க இருக்கணும்ல," என்றாள் அக்கா. "முதல்ல பொழைச்சு வாங்க. வச்சுக்கறேன்."

மறுநாள் மத்தியானம் தாண்டி வெளியே வந்த டாக்டர், கட்டியை எடுத்தாயிற்று, ஆனால் இன்னும் மருந்து ஏற்ற வேண்டும், உத்தரவாதம் மட்டும் கேட்காதீர்கள் என்றார். அக்கா கேட்கவில்லை. அவர் எப்போது கண் விழிப்பார் என்று மட்டும் கேட்டாள்.

நினைவு தெளிந்து அவர் இவளை அடையாளம் கண்டதும், அழுதுகொண்டே திட்ட ஆரம்பித்தாள். நர்ஸ் வந்து அதட்டும்வரை நிறுத்தவில்லை.