தோஹாவை விட்டு வெளியேற ஒரு கையெழுத்து

சைப்ரஸ் தீவுக்குள் நுழைய இந்தியப் பாஸ்போர்ட்காரருக்கு என்னென்ன வேண்டும் என்று அந்த வருடம் யாராவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். போய்வர டிக்கெட், ஹோட்டல் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், பயணக் காப்பீடு, கம்பெனியின் ஆட்சேபமில்லாக் கடிதம். கத்தார் குடியிருப்பு விசா இன்னும் சில மாதங்களுக்காவது செல்லுபடியாக வேண்டும். தீவின் தெற்குப் பக்கம் வழியாகத்தான் நுழைய வேண்டும், துருக்கியர் வசமுள்ள வடக்கு வழியாக வந்தால் அந்த விசா செல்லாது. எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக் கோப்பில் அடுக்கியிருந்தேன்.

நான் தோஹாவில் ஒரு கம்பெனியில் இஞ்சினியர், என் கணவர் சரக்குக் கப்பலில் இஞ்சினியர். கல்யாணமான மூன்றாவது வாரமே கப்பலேறியவரை அதன்பின் நான் பார்க்கவில்லை. பழுதுபார்ப்புக்காகக் கப்பல் சைப்ரஸின் லிமாசோல் துறைமுகத்தில் சில நாள் நிற்கும், பிறகு நேராகத் தென்னமெரிக்கா என்று தகவல் வந்தது. ஊருக்குள் வர அவருக்குத் துறைமுகத்தில் கொடுக்கும் ஷோர் பாஸே போதும். விசா வேண்டியது எனக்குத்தான். நல்லவேளையாக அந்த நாட்கள் பெருநாள் விடுமுறையில் விழுந்தன. ஆபீசில் லீவு கேட்கும் வேலைகூட இல்லை.

பெருநாளன்று காலை தோஹா விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டை ஒருமுறை புரட்டினார். சைப்ரஸ் விசாவைப் பார்த்தார். மறுபடியும் புரட்டினார்.

"எக்ஸிட் பெர்மிட்?"

அந்தக் காலத்தில் கத்தாரில் வேலை செய்பவர்கள் ஸ்பான்சரின் கையெழுத்துள்ள அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் வருடாந்திர லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் அட்மினிலிருந்து பாஸ்போர்ட் வரும், அந்தத் தாள் உள்ளேயே செருகியிருக்கும். நானாகக் கேட்டு வாங்கியதில்லை. இந்த முறை விசா ஒட்டுவதற்காக முன்பே வாங்கிய பாஸ்போர்ட் என் கையிலேயே இருந்துவிட்டது. நுழைவதைப் பற்றி மட்டுமே நான் யோசித்திருந்தேன்.

"மாஃபி பெர்மிட், மாஃபி ட்ராவல்," பெர்மிட் இல்லையென்றால் பயணம் இல்லை என்று கோபமே இல்லாமல் சொல்லிப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். இந்த விமானத்தை விட்டால் பெருநாள் கூட்டத்தில் அடுத்த இடம் நான்கு நாள் கழித்துத்தான், அதற்குள் கப்பல் கிளம்பியிருக்கும்.

அட்மினில் இருந்த மதுரைக்காரருக்குப் போன் செய்தேன். ஆபீசில் எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்.

"ஏம்மா, லீவு பாரம் குடுக்காமயா கெளம்புன?"

"பெருநாள் லீவுதானேண்ணே. அதுக்கு எதுக்குப் பாரம்?"

"அந்தப் பாரத்தப் பாத்துத்தாம்மா மந்தூப் பெர்மிட்டே எடுப்பாரு. பாரம் வல்லைன்னா நீ இங்கயே இருக்கன்னுதான அர்த்தம். அந்த வீட்டுச் சாவிய வாங்கிட்டு நம்ம வீட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டியே."

அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவரைத்தான் அங்கே மந்தூப் என்போம். எங்கள் மந்தூப் சூடான்காரர். கம்பெனிக்காகக் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அவர் நேரில் வந்தால் விமான நிலையத்திலேயே பெர்மிட் கிடைக்கும் என்றார் அண்ணன்.

"பெருநாளும் அதுவுமா வருவாராண்ணே?"

"தொழுதுட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு. நான் பேசுறேன். நீ அழுவாம நில்லு."

"அழலைண்ணே."

"ஆமா, இஞ்சினியருக்கு அதெல்லாம் தெரியாது. போன ஆஃப் பண்ணாத."

கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நின்றேன். பயணிகள் வந்துகொண்டே இருந்தார்கள், வரிசை குறைந்தது, என் விமானத்துக்குக் கடைசி அழைப்பு இன்னும் வரவில்லை. கதவு திறந்தபோது முதலில் அத்தர் வாசனைதான் வந்தது. பின்னால் புது வெள்ளை அங்கியும் பெரிய தலைப்பாகையுமாக மந்தூப். கையில் கார் சாவி. காரில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று சைகையிலேயே சொல்லிவிட்டு, பெர்மிட் கொடுக்கும் கவுண்டருக்கு எனக்கு முன்னால் நடந்தார்.

"லீவ் மாஃபி, ட்ராவல் கைசா, மேடம்?" என்று, லீவே இல்லாமல் பயணம் எப்படி எனக் கேட்டுக்கொண்டே கையெழுத்திட்டார்.

"ஹஸ்பண்ட் ஷிப்பில் இருக்கிறார். நான்கு நாள்தான்."

"நாலு நாள்? அப்புறம் திரும்பி வரணும். வரலைன்னா மேடம் ஹஸ்பண்ட் கூட, நான் ஜெயில்ல." இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக இப்படிச் சொல்லி அவரே சிரித்தார். வேலை முடிந்தது, சீக்கிரம் ஓடுங்கள் என்று தாளை என் பாஸ்போர்ட்டில் செருகினார். "கலாஸ். யல்லா, ஜல்தி."

பெருநாள் வாழ்த்துகூடச் சரியாகச் சொன்னேனா என்று நினைவில்லை. அதே அதிகாரி, அதே முகம், முத்திரை விழுந்தது. ஓடிப்போய் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் மாட்டினேன். பஹ்ரைனில் விமானம் மாறினேன். சைப்ரஸின் லார்னாகா விமான நிலையத்தில், எத்தனை நாள் தங்குவேன் என்று மட்டும் கேட்டு முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள்.

லிமாசோல் துறைமுக வாசலில் அவர் நின்றிருந்தார். கறுத்திருந்தார், மீசை இல்லை.

"ஏன் இவ்ளோ டயர்டா இருக்க? சாப்ட்டியா?"

"மொதல்ல நடக்கலாம்," என்றேன்.

அவருடைய ஷோர் பாஸ் சாயங்காலம் வரைக்கும்தான். கடலோரச் சாலையில் நடந்தோம். சொல்லிக்கொள்ள எவ்வளவோ இருந்தும், பழுதான பம்ப்பைப் பற்றியே அவர் பேசிக்கொண்டு வந்தார், எந்த பேரிங் போனது, உதிரிபாகம் எப்படிக் கிடைத்தது என்று. எனக்கும் பம்ப்புகள் தெரியும். நடுநடுவே கேள்விகள் கேட்டேன். இன்னும் விரிவாகச் சொல்ல மாட்டாரா என்றிருந்தது.