இருபது நிமிடம் முன்னால் ஓடிய ஊர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் மேட்டர் அடிக்கிற வேலையில் இருந்தேன். அந்தக் கோபத்தில் பெரும்பங்கை ஒரு தொலைபேசி லைன்மேல்தான் செலவழித்தேன்.

கல்யாணம், காதுகுத்து, பால் காய்ச்சு, கண்ணீர் அஞ்சலி என்று சுற்றுவட்டாரத்தின் நல்லது கெட்டது எல்லாம் எங்கள் அச்சகம் வழியாகத்தான் போகும். மெஷின் எங்களிடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னக் கிளை. அங்கே ஆர்டர் எடுப்பார்கள், மேட்டர் அடிப்பார்கள், திருத்துவார்கள். அச்சடிப்பது மட்டும் இங்கே. அதனால் ஒரே பத்திரிகையின் ஃபைல் இரண்டு ஊர்க் கம்ப்யூட்டரிலும் இருந்தாக வேண்டும். பெண் வீடு ராஜபாளையம் பக்கம், மாப்பிள்ளை வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து திருத்தச் சொல்வார்கள்.

முதலில் ஃபிளாப்பியைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினோம். அரைமணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். ஒருநாள் கண்டக்டர் மறந்துபோக, ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் அவர் பையிலேயே மதுரை வரை போய்விட்டு, மறு டிரிப்பில் சட்னி வாசத்தோடு திரும்பி வந்தார்கள். அதோடு முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. மதுரையிலிருந்து ஓர் இன்ஜினீயரைக் கூப்பிட்டு, ஃபோன் லைன் வழியாகவே ஃபைலை அனுப்ப இரண்டு ஊரிலும் மோடம் வைத்தார். எங்கள் பக்கத்துப் பெரிய கம்ப்யூட்டருக்குச் சர்வர் என்று பெயர் வைத்தார்கள். "சர்வர் இன்னைக்குச் சரியில்ல" என்று முதலாளி ஃபோனில் சொன்னதைக் கேட்ட வாடிக்கையாளர் ஒருவர், "அப்ப வேற ஹோட்டலுக்குப் போவோம் அண்ணாச்சி" என்றார். முதலாளி அதை ஒரு மாதம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

இன்ஜினீயர் எழுதிக் கொடுத்த புரோகிராமுக்கு ஒரே ஒரு விதிதான். எங்களுக்குப் புரியும்படி அவர் சொன்னார்: "ரெண்டு பக்கமும் ஒரே ஃபைல் இருந்தா, எது கடைசியா சேவ் ஆச்சுன்னு நேரத்தைப் பாக்கும். புதுசு பழசைத் தின்னுரும்." பகல் பன்னிரண்டுக்கு ஒரு தடவை, மாலை நான்குக்கு ஒரு தடவை டயல் செய்ய வேண்டும். மோடம் கீச் கீச்சென்று கத்தி, கரகரத்து, ஒருவழியாக ஒட்டிக்கொள்ளும். நாலு ஃபைல் போய்வர ஐந்து நிமிடம் பிடிக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் முதலாளி அறையில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் எல்லாம் அறுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். "ஃபோனை எடுக்காதீங்க!" என்று நான் போடும் சத்தம் தெருமுனை டீக்கடைக்குக் கேட்கும் என்பார்கள். கேட்டால் கேட்கட்டும்.

ஒருவர் மேல் ஒருவர் ஏறி மிதிக்காமலிருக்க நாங்களே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். காலையில் ஃபைல் அவர்கள் கையில். பன்னிரண்டு மணி டயல் முடிந்ததும் எங்கள் கையில். இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனாலும் நான் போட்ட திருத்தங்கள் சில அவ்வப்போது காணாமல் போயின. எல்லாம் அல்ல, சில. அதுதான் எரிச்சல். கிளையில் வேலை பார்த்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஓர் அக்கா. தினமும் வத்திராயிருப்புப் பக்கமிருந்து பஸ்ஸில் வருவார். நேரில் பார்த்ததில்லை, ஃபோனில் சண்டை போட்டே பழக்கம்.

"நான் போட்ட திருத்தத்தை ஏன்க்கா எடுத்தீங்க?"

"நான் ஏன்ட்டி எடுக்கப் போறேன்? நீ சேவ் பண்ணியிருக்க மாட்ட."

"சேவ் பண்ணாம விடுறதுக்கு நான் என்ன நேத்து வேலைக்கு வந்தவளா?"

"அப்ப உன் மெஷினக் கேளு. என்னைய ஏன் கேக்க?"

இந்த நிலையில்தான் சேத்தூரிலிருந்து அந்த அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணம். கணவர் இல்லை. மாப்பிள்ளைக்கு ஊர் வ. புதுப்பட்டி, அவர்கள் தரப்பு மேட்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறியிருந்தது. பன்னிரண்டு மணிச் சங்கு மில்லில் ஊதும்போது உள்ளே நுழைந்தவர், மடித்த சீட்டு ஒன்றை என் மேஜையில் வைத்தார். அதில் ஒரே ஒரு பெயர்.

"எங்கண்ணன் பேரு தாயி. சோழபுரத்துல இருக்காவ. பொண்ணுக்குத் தாய்மாமன்னு போடணும். ஏழு வருசமா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல. முந்தாநாளு அவியளா வந்து, பத்திரிகையில எம் பேரு இருக்குமான்னு கேட்டாவ. இருக்கும்ணேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லியபோது முகத்தில் இருந்த வெளிச்சமே எனக்குப் போதுமாக இருந்தது. டயல் முடிந்த கையோடு, சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் பெயரை ஏற்றி, சேவ் செய்து, அவரிடம் திரையிலேயே காட்டினேன். மறுநாள் காலையில் புரூஃப் எடுத்தால் பெயர் இல்லை. மற்ற எல்லாம் இருந்தது. மாப்பிள்ளையின் மூன்று மாமன்மாரும் வரிசையாக இருந்தார்கள். பெண்ணின் மாமன் இருந்த இடம் மட்டும் வெறிச்சென்று கிடந்தது.

அந்த அம்மா புரூஃபைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். மன்னிப்புக் கேட்டு, அன்றைக்கும் பன்னிரண்டு மணி டயல் முடியும்வரை காத்திருந்து, உடனே மறுபடி ஏற்றினேன். மூன்று தடவை சேவ் செய்தேன். மறுநாள் மறுபடியும் பெயர் இல்லை. இந்தத் தடவை அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

"மாப்பிள்ளை வீட்டுல வேண்டாம்னு எடுத்திருப்பாவ தாயி. அவிய தினமும் அங்க போய்த் திருத்துதாவளாம். நேத்து பேரில்லாத தாளை எங்கண்ணனும் பாத்துட்டாவ. இன்னைக்குள்ள பேரோட பத்திரிகைய கையில குடுக்கலைன்னா கல்யாணத்துக்கு வரமாட்டேன்னுட்டாவ. வரலைன்னா இனி இந்த ஜென்மத்துல கிடையாது."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்களோ என்னவோ, எடுத்தது அந்த அக்காதான் என்று முடிவு கட்டினேன். "சாயங்காலத்துக்குள்ள பேரு இருக்கும், உங்கண்ணனையும் கூட்டிட்டு வாங்க" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். நல்ல நல்ல கேள்விகள். ஒன்றுகூடக் கேட்க முடியாமல் போனது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

கிளைக்குள் நுழைந்ததும் அந்த அக்கா எழுந்து வந்து, "நீதானாட்டி அது? குரலப் பாத்து ஆறடி இருப்பன்னு நினைச்சேன்" என்று சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சண்டை போடுவது எப்படி? நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. பதினொன்றரை. என் கைக்கடிகாரத்தில் பதினொன்று பத்து. காலையில்தான் மில் சங்குக்குச் சரிசெய்திருந்தேன்.

"உங்க கடிகாரம் இருபது நிமிஷம் முன்னால ஓடுதுக்கா."

"ஓடுதில்ல, ஓட வச்சிருக்கேன். சாயங்காலம் எங்க ஊரு பஸ்ஸ விட்டா அடுத்தது எப்பம்னு தெரியாது. வீட்டுலயும் இப்படித்தான். ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு நான் ஒருநாளும் பிந்தினது கிடையாது."

அவர் பெருமையாகச் சொன்னார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். திரையிலும் பதினொன்றரை.

"இதையும் நீங்கதான் வச்சீங்களா?"

"அதுக்குள்ள ஒரு பேட்டரி செத்துப்போச்சு. காலைல போட்டதும் தேதி என்ன, நேரம் என்னன்னு கேக்கும். நான் சுவரப் பாத்து அடிப்பேன். பொறவு வேற எங்க பாக்க?"

மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா தினமும் காலையில் ஒரு திருத்தத்தோடு வருவார். அக்கா அதை அடித்து, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சேவ் செய்வார். அந்தக் கம்ப்யூட்டர் அதன்மேல் பன்னிரண்டேகால் என்று எழுதிக்கொள்ளும். ஃபைல் எங்களிடம் வரும். நான் அதில் தாய்மாமன் பெயரை ஏற்றி, பன்னிரண்டு பத்துக்குச் சேவ் செய்வேன். நான்கு மணிக்கு இரண்டு ஃபைலும் சந்திக்கும்போது, பன்னிரண்டேகாலுக்கு முன்னால் பன்னிரண்டு பத்து பழசு. புதுசு பழசைத் தின்றுவிடும். மாப்பிள்ளை வீடும் எடுக்கவில்லை, அக்காவும் எடுக்கவில்லை. நான் மட்டும் ஒருநாளாவது சோம்பேறித்தனமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து அடித்திருந்தால் அந்தப் பெயர் பிழைத்திருக்கும். என் சுறுசுறுப்புதான் அந்த மனிதரை இரண்டு தடவை அழித்திருந்தது. மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு வருகிற வாடிக்கையாளர்களின் திருத்தம் மட்டும் ஏன் ஒருபோதும் தொலையவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது.

இதைச் சொல்லி முடித்ததும் அக்கா வாயில் கைவைத்து, "கர்த்தாவே, அப்ப ஒரு வருசமா உன் திருத்தத்த எல்லாம் தின்னது எங்க ஊரு பஸ்ஸா?" என்றார். அதற்குமேல் இரண்டு பேராலும் முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். தோளில் துண்டு, கையில் முந்தின நாள் புரூஃப். நான் சட்டென்று சிரிப்பை நிறுத்தினேன். இவர்மேல்தானே அந்த அம்மாவுக்குச் சந்தேகம்? அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாளில் வெறிச்சென்றிருந்த அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இன்னைக்கு ஒரே திருத்தம்தான்மா. எங்க பக்கம் மூணு மாமன் நிக்காவ. பொண்ணுக்கு ஒரு மாமன்கூடவா இல்ல? எம் பொஞ்சாதி ராத்திரியெல்லாம் பொலம்புதா. யாராச்சும் இருந்தா கேட்டுப் போடுங்க. இல்லைன்னா எங்க ஆளுக பேரையும் எடுத்துருங்க. பொண்ணு வீட்டுக்குக் கொறவா இருக்கக் கூடாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். சீட்டு ராஜபாளையத்தில் என் மேஜையில் கிடந்தது. ஆனால் ஏற்கெனவே இரண்டு முறை அடித்த பெயர், மனப்பாடம். அங்கேயே உட்கார்ந்து, முதலில் நேரத்தைத் திருத்தி, பிறகு பெயரை ஏற்றி, மாப்பிள்ளையின் அப்பாவிடம் காட்டினேன். மோடத்தை நம்ப அன்றைக்கு மனம் வரவில்லை. ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டரிடமும் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தேன்.

மூன்று மணிக்கு அந்த அம்மா அண்ணனோடு வந்தார். அம்மா உள்ளே வந்தார். அண்ணன் படியிலேயே நின்றுகொண்டார். உயரமான ஆள், சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு. நான் ஈரம் காயாத பத்திரிகையை எடுத்துப்போய் அவர் கையிலேயே கொடுத்தேன். மாப்பிள்ளையின் அப்பா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். இருபது நிமிடக் கதையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைத் தள்ளிப் பிடித்து, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"இனிஷியல் தப்பா இருக்கேம்மா" என்றார்.

பார்த்தேன். ஆமாம். என் மனப்பாடத்தின் லட்சணம் அது. இரண்டு நாளாக ஊரில் உள்ளவர்களை எல்லாம் குற்றம் சொன்னவள் நான். அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "ஒரு நிமிஷம், இந்தா திருத்திட்டு வாரேன்" என்று தாளைப் பிடுங்கப் போனேன். அவர் அதைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும். நீ திருத்தப் போயி, நான் மறுபடியும் காணாமப் போயிரப் போறேன்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். அண்ணன் தாளை நாலாக மடித்து, கண்ணாடிக் கூட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டார். தப்பான இனிஷியலோடுதான் அத்தனை பத்திரிகையும் அச்சாகிப் போயின.