ஒன்பதாவது ஆள்

அண்ணிக்கு எதையும் வாய்விட்டு எண்ணித்தான் பழக்கம். ஆபரேஷன் தியேட்டரில் இருபத்தொரு வருடமாக நர்ஸ். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னால் பஞ்சு, துணி, ஊசி, கத்தரி எல்லாவற்றையும் ஒருவர் சத்தமாக எண்ண வேண்டும், இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஒரு துண்டுத் துணி குறைந்தாலும் டாக்டர் ஊசியைத் தொடக் கூடாது. ஒருமுறை ஒரு பெரிய டாக்டர், “எனக்கு நேரமாச்சு சிஸ்டர், தைச்சிடறேன்” என்றாராம். “தைங்க சார். திரும்பப் பிரிக்கிறப்பவும் நான்தான் டியூட்டி” என்றாராம் அண்ணி. டாக்டர் காத்திருந்தார். துணி மேசைக்கு அடியில் கிடைத்தது.

என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறும் ஒரு குழுவில் இருந்தான். குழுவின் தலைவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வைத்திருப்பவர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும், யாராவது அவர் பேச்சை மறித்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும், பிரேக் போடுவதுபோல. குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் கடைசியாக வருபவருக்கு வால் என்று பெயர். வழியில் இளைப்பாறத் தங்கும் இடம் ஒவ்வொன்றிலும் கேப்டன் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் அடுத்த அடி.

நான்கு வருடத்துக்கு முன்னால் மொட்டைக்குப் போனார்கள். உச்சியில் ஒரு மரம்கூடக் கிடையாது என்பதால் அந்தப் பெயர். கூட்டம் வராத, சத்தமில்லாத சிகரம். கேப்டனோடு சேர்த்துப் பத்துப் பேர். அன்று வால் என் அண்ணன். இரண்டாவது தங்குமிடத்தில் ஒரே மூடுபனி. கேப்டன் எண்ணினார், “ஒன்பது, கிளம்பலாம்” என்றார். கிளம்பினார்கள். மூன்றாவது இடத்தில் அண்ணன் இல்லை.

இரண்டு நாள் கழித்து, இரண்டாவது தங்குமிடத்துக்குக் கீழே, பாதையிலிருந்து இருநூறு அடி தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் கிடைத்தான். கணுக்கால் முறிந்திருந்தது. முதல் ராத்திரி உயிரோடுதான் இருந்திருக்கிறான் என்றார் டாக்டர்.

கேப்டன் எழுதிக் கொடுத்த அறிக்கை எனக்கு மனப்பாடம். ‘இரண்டாவது இடத்தில் அனைவரும் இருந்தனர். அதன்பின் அவர் யாரிடமும் சொல்லாமல் தானாகத் திரும்பி இறங்கியுள்ளார்.’

அதை அம்மாவே நம்பிவிட்டாள். “சொல்லாம கொள்ளாம எந்திரிச்சுப் போறது அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே பழக்கம்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். துக்கம் கேட்க வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். செத்தவன்மேலேயே பழி. அண்ணி அறிக்கையை ஒருதரம் படித்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

“அவர் எண்ணினப்போ பக்கத்துல நின்னு பாத்தது யாரு?”

யாரும் இல்லை. குழுவில் இருந்த தபால்காரரிடம் அண்ணி மறுபடி மறுபடி விசாரித்தார். அவருக்குக் கேட்டது ‘ஒன்பது’ என்ற சத்தம் மட்டும். பனியில் முகம் எதுவும் தெரியவில்லையாம்.

“தன்னையும் சேத்து எண்ணிட்டாரு,” என்றார் அண்ணி, கீரை ஆய்ந்துகொண்டே. “புதுசா வர்ற பொண்ணுங்க இப்படித்தான் பண்ணுவாங்க. கையில இருக்கற கத்தரிய ஒருதரம் சேப்பாங்க, ஒருதரம் விட்ருவாங்க.”

“போய்ச் சட்டையப் பிடிங்க அண்ணி.”

“பிடிச்சா? இல்லம்பாரு. என்கிட்ட என்ன இருக்கு?”

அடுத்த மாதம் அண்ணி அதே குழுவில் சேர்ந்தார். நாற்பத்தாறு வயதில். கேப்டன் பதறிப்போய், “எதுக்கு சிஸ்டர் உங்களுக்கு இந்தக் கஷ்டம்” என்றாராம். “மனசு ஆறும்னு பாக்கறேன் சார்” என்று பதில். ஆஸ்பத்திரியின் ஏழு மாடிப் படிகளையும் தினமும் இரண்டு முறை, பையில் தண்ணீர் பாட்டில்களைப் போட்டுக்கொண்டு ஏறினார். முழங்கால் வீங்கியது. ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் ஏறினார். மூன்று வருடத்தில் எந்த மலைக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும், யாருக்கு என்ன மாத்திரை எல்லாம் அண்ணி சொல்வதுதான் என்றாகிவிட்டது. கேப்டனுக்கும் சௌகரியமாக இருந்தது. திட்டம் போடுகிற தலைவலி விட்டது.

நான்காவது வருடம் மொட்டைக்குத் திட்டம் போட்டார் அண்ணி. ஆள் பத்து. அதில் நானும் ஒருத்தி.

“கேப்டன வாலாப் போடப் போறேன்,” என்றார் என்னிடம். “எண்ணறது நானு. ரெண்டாவது எடத்துல பனி இருக்கும். ஒன்பதுன்னு சொல்லுவேன்.”

“அவரு வந்து சேர்றதுக்கு முன்னாடியேவா?”

“முன்னாடியேதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, கிளம்புவோம்.”

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மறுநாள் போய் எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்தேன். அதுதான் என் பதில்.

கேப்டனின் டிரைவிங் ஸ்கூல் மாடியில் குழுவின் கூட்டம். சாலைச் சந்திப்பில் எப்படித் திரும்புவது என்று சொல்லித்தர வைத்திருக்கும் பொம்மைக் கார்களை மலைப்பாதை வரைபடத்தின் நான்கு மூலையிலும் பாரமாக வைத்திருந்தார்கள். அண்ணி பென்சிலால் ஒவ்வொரு தங்குமிடமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஏறும்போது மொத்தம் ஆறு இடம். முன்னால் தபால்காரர். நடுவில் நாங்கள்.

“வால், கேப்டன்.”

கேப்டன் சிரித்தார். “நான் எப்பவும் முன்னாடிதானே சிஸ்டர். என் வண்டிக்கு ரிவர்ஸே கெடையாது.”

“இந்தத் தடவை பின்னாடி வாங்க சார். எல்லாரும் மாத்தி மாத்திப் பாக்கணும்ல.”

“எண்ணறது?”

“நான்.”

“கூட யாரு?”

“யாரும் வேணாம். நீங்க தனியாத்தானே எண்ணுவீங்க.”

கேப்டனின் வலது கால் தரையை அழுத்தியது. “இல்ல சிஸ்டர், மொட்டையில அது சரிப்படாது. ரெண்டு பேரு எண்ணணும். பனியில தப்பிடும்.”

“எப்படித் தப்பும்?” அண்ணி பென்சிலைக் கீழே வைத்தார். தியேட்டரில் புதிதாக வந்த நர்ஸைக் கேட்கிற அதே குரல். “பத்துப் பேரு. என்னை விட்டா ஒன்பது. இதுல தப்பறதுக்கு என்ன இருக்கு?”

“தப்பும் சிஸ்டர். குளிரு, பரபரப்பு... தன்னையும் சேத்து எண்ணிட்டோம்னா...”

அவரே நிறுத்திக்கொண்டார். தபால்காரர் மெதுவாகக் கேட்டார், “எண்ணிட்டோம்னா?”

கேப்டன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்போ தெரிஞ்சுது சார்?” என்றார் அண்ணி.

“மூணாவது எடத்துலயே.”

“மூணாவது எடத்துலயே. அப்புறந்தான் அந்த அறிக்கை எழுதுனீங்க.”

கேப்டன் அழ ஆரம்பித்தார். அண்ணி கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். “அழறத அப்புறம் வெச்சுக்கலாம். எழுதுங்க.” அவர் எழுதினார். தபால்காரரும் இன்னொருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அதை அம்மாவிடம் கொடுத்தோம். இரண்டு முறை படித்தாள். “என் புள்ளையப் போய் நானே சொன்னேனேடி, நாலு வருஷமா” என்றாள். பிறகு நெடுநேரம் அண்ணியின் கையை விடவில்லை.

அத்தோடு முடிந்தது என்று கேப்டன் நினைத்திருக்க வேண்டும். போனில் கேட்டார்: “நான் மொட்டைக்கு வரல சிஸ்டர். விட்ருங்க.”

“வரணும் சார். வாலா, எல்லாருக்கும் பின்னாடி வரணும். எழுதினத வெளியில அனுப்பறதா, வீட்லயே வைக்கறதான்னு அங்க வந்தப்புறம் சொல்றேன்.”

வந்தார்.

இரண்டாவது தங்குமிடத்தில் எதிர்பார்த்தபடியே பனி. நான் அண்ணியின் அருகில் நின்றேன். அவர் சொன்னதைச் செய்துவிடுவாரோ என்று நான் பயப்படவில்லை, செய்யாமல் விட்டுவிடுவாரோ என்றுதான் பயந்தேன். கேப்டன் மூச்சிரைக்க வந்து சேரும்வரை அண்ணி வாயைத் திறக்கவில்லை. வந்த பிறகு எண்ண ஆரம்பித்தார். ஒவ்வொருவர் தோளையும் தொட்டு, சத்தமாக. எட்டில் நிறுத்தினார். கேப்டன் இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தார்.

“சிஸ்டர், நான் இங்கதான் இருக்கேன்.”

“தெரியும்.”

அண்ணி பாறையில் உட்கார்ந்தார். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். எனக்கும் கொடுத்தார். ஷூ நாடாவை அவிழ்த்து, இழுத்து, மறுபடி கட்டினார். கேப்டன் உட்காரவும் துணியாமல் நின்றார். யாரும் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால்மணி நேரமாவது இருக்கும்.

“ஒன்பது,” என்றார் அண்ணி, அவர் தோளைத் தொடாமல்.

எழுதிய தாளை என்ன செய்யப்போகிறார் என்று இன்னும் சொல்லவில்லை. உச்சிக்கு இன்னும் நான்கு இடம் தங்க வேண்டியிருந்தது. நான்கிலும் அப்படியேதான் எண்ணினார்.