"இன்னும் கொஞ்சம் பின்னால வா"

நம்பாவிட்டால் போங்கள். என் மனைவியே நம்பவில்லை. ஆனால் போன அக்டோபர் பதினேழாம் தேதி மாலை, ப்ளூ ரிட்ஜ் மலைச்சாலையில் எனக்கு நடந்தது இதுதான்.

டயர் கிடங்கில் ஒன்பது வருடம் இரவு வேலை பார்த்தேன். ஒரு நாள் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். கையில் இருந்ததைப் போட்டு ஒரு பழைய கேம்பர் வண்டி வாங்கினேன். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும். விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. விற்ற கிழவர் சாவியைக் கொடுக்கும்போது சொன்னார்: "வண்டிய பின்னால எடுக்கிறப்ப உன் பொண்டாட்டிய ஓட்டச் சொல்லு. நீ கீழ நில்லு." நான் ஓட்டும் லட்சணத்தைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

மாலை 5:40. நானும் என் மனைவி ரோண்டாவும் கேம்பர்கள் தங்கும் முகாமுக்குள் நுழைந்தோம். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத பனிமூட்டம். முகாமைப் பார்த்துக்கொள்ளும் ஹாய்ட் என்ற பெரியவர் விறகுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். வண்டியின் பக்கவாட்டில் ஓடிய பழுப்புக் கோட்டையே பார்த்தார்.

"இதை எங்க பிடிச்சீங்க?"

"கேலக்ஸ் ஊர்ல ஒரு கிழவர்கிட்ட. ஏன்?"

"சும்மாதான்."

சும்மா கேட்ட முகமாக இல்லை அது.

மத்தியானத்திலிருந்தே எனக்கும் ரோண்டாவுக்கும் சண்டை. வழிகாட்ட டார்ச்சோடு கீழே இறங்கினாள்.

"கண்ணாடியில என்னைப் பாத்துக்கிட்டே வா. நான் தெரியலைன்னா பிரேக்கை மிதி. வேலைய விட்ட மாதிரி இதையும் பாதியில விட்டுட்டு ஓடிடாத."

கேம்பர் ஓட்டுகிற எல்லோருக்கும் இதுதான் சட்டம். பின்னால் நிற்பவர் கண்ணாடியில் தெரியாவிட்டால் வண்டி ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது.

வண்டியோடு இரண்டு வாக்கி-டாக்கி ரேடியோக்கள் வந்திருந்தன. ஒன்று என் முன்னால் இருந்தது. மற்றதை அவள் எடுத்துப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

5:52. இடது கண்ணாடியில் டார்ச் வெளிச்சம். மெதுவாகப் பின்னால் எடுத்தேன். வெளிச்சம் மறைந்தது. பிரேக்கை மிதித்தேன்.

ட்ரிக்...

"வா... பின்னால வா..."

ரேடியோவில் ரோண்டாவின் குரல். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் பின்னால வா, செல்லம்..."

செல்லமா? பதினோரு வருடமாக அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்.' இல்லாவிட்டால் 'தடியா.' எதற்கு இந்தக் கொஞ்சல் என்று சந்தேகம் வந்தது. ஆனால் கேட்க நன்றாக இருந்தது. அதுதான் என் தப்பு.

5:54. கண்ணாடியில் வெறும் வெள்ளை.

"வா, செல்லம்..."

டம்.

"வா..."

டம்... டம்... டம். பின்பக்கத் தகரத்தில் யாரோ அறைகிறார்கள்.

"நிறுத்துடா தடியா!"

ரோண்டா. வெளியே.

அதே நொடியில் ரேடியோவிலும் அவள் குரல். மெதுவாக...

"நிறுத்தாதே..."

மிதித்தேன்.

வண்டி குலுங்கி நின்றது. இறங்கி ஓடினேன். வண்டி மட்டமாக நிற்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை வைக்கக் குனிந்திருக்கிறாள். தரையில் கிடந்தாள். அவள் ஜாக்கெட்டின் ஓரத்தில் டயர் ஏறியிருந்தது.

"நீதானே வான்னு சொன்ன... ரேடியோல."

"எந்த ரேடியோ?"

சமையல் டிராயரைத் திறந்தேன். இரண்டாவது ரேடியோ அங்கேதான் இருந்தது. பேட்டரி மூடி இல்லை. பேட்டரியும் இல்லை.

அன்று இரவு ரோண்டா வண்டிச் சாவியைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

காலை 7:10. ஹாய்ட் காபியோடு வந்தார். டயர் தடத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஏழு வருஷம் முன்னாடி இதே வண்டி, இதே இடம். அந்தம்மா பலகை வைக்கக் குனிஞ்சிருந்தாங்க. புருஷன் ஏத்திட்டாரு. நாலு வருஷம் ஜெயில்ல இருந்துட்டு கேலக்ஸ் பக்கம் போயிட்டாரு."

"வேணும்னே ஏத்தினாரா?" ரோண்டா கேட்டாள்.

"அவதான் ரேடியோல வான்னு கூப்பிட்டான்னு சத்தியம் பண்ணாரு. அந்தம்மாவோட ரேடியோ டிராயர்ல இருந்துச்சு, பேட்டரி இல்லாம. முப்பது வருஷத்துல அவ என்னைச் செல்லம்னு கூப்பிட்டதே இல்ல, அன்னிக்குத்தான் கூப்பிட்டான்னு அழுதாரு. யார் நம்புவா?"

நான் ரோண்டாவைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி வாங்கினப்பவே அந்தக் கிழவன் உனக்கு இந்தக் கதையச் சொல்லிட்டான்," என்றாள். "இல்ல?"