கோகர்ணாவுக்குத் தேறிய நான்கு புத்தகங்கள்

லால் பாஷாவுக்கு இந்த உலகத்தில் பிடித்த பொருள் ஒன்று உண்டென்றால் அது அவருடைய மூக்குக்கண்ணாடிதான். அதை மாட்டினால்தானே மற்ற எல்லாவற்றிலும் குறை தெரியும்.

பர்கூர்க்காரர். டிப்ளமோ முடித்த கையோடு ஒரு தகரப்பெட்டியுடன் ஓசூருக்கு வந்து, பிரேக் உதிரி பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகராகச் சேர்ந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. நூறு பாகம் உள்ள தட்டில் ஐந்தை எடுத்து அளப்பார். அதில் ஒன்று தப்பினால் நூறுக்கும் சேர்த்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். பிரேக் சமாச்சாரம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் மனுசன் அந்த வேலையைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வரவேண்டாமா? கல்யாண வீட்டுப் பிரியாணி, பக்கத்து வீட்டுக் கோவிந்தப்பன் எழுப்பிய காம்பவுண்டு சுவர், மனைவி காத்தூன் போடும் டீ, எதுவும் அவர் கண்ணில் தேறியதில்லை. டீயில் ஒருநாள் சர்க்கரை ஜாஸ்தி, மறுநாள் சூடு கம்மி. காத்தூன் இருபத்தேழு வருடமாக அந்த டீயைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சொல்லப்போனால் அவள் அவரை மதிப்பதை விட்டே பதினைந்து வருடம் இருக்கும். அதுவும் அவருக்குத் தெரியாது.

இத்தனைக்கும் அவர் படிப்பாளி என்று சிப்காட் முழுக்கப் பேர். வருடா வருடம் புத்தகக் கண்காட்சிக்குப் போய்க் கனமான புத்தகங்களாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வருவார். ஹாலில் இரண்டு கண்ணாடி அலமாரி நிறைய அவைதான். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "நம்ம ஆளுங்க எவன் படிக்கிறான் சொல்லுங்க" என்று சலித்துக்கொள்வார்.

அலமாரியைத் தூசி தட்டுகிற காத்தூனுக்கு உண்மை தெரியும். பஸ் டிக்கெட், டீக்கடைச் சீட்டு, காலண்டர் தாள் என்று அவர் அடையாளம் வைத்த துண்டுகளில் ஒன்றுகூட முப்பதாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. படிப்பாளியின் யோக்கியதை அவ்வளவுதான். அந்தப் புத்தகங்களைக் கடைசிப் பக்கம் வரை படித்தவள் காத்தூன். அவர் ஷிப்டுக்குப் போனதும் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தால், அவர் வண்டிச் சத்தம் கேட்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். அவள் மத்தியானமெல்லாம் சீரியல் பார்க்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இந்த ரகசியம் அறிந்த ஒரே ஆள் மகள் இரம். பெங்களூரில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. கல்லூரியில் படிக்கும்போது ஆண்டு மலரில் ஒரு கதை எழுதி ஆசையாக அத்தா லால் பாஷாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். மனுசன் சிவப்புப் பேனாவை எடுத்துப் பத்தொன்பது இடத்தில் வட்டம் போட்டு, வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு இரம் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அவள் எழுதியது எதுவும் இந்த வீட்டுக்கு வரவில்லை.

இந்த வருடம்தான் வந்தது, ஒரு கதைத் தொகுதியாக. இரம் அதைச் சொந்தப் பெயரில் போடவில்லை. அம்மா பிறந்த ஊரை வைத்துச் 'சூளகிரியாள்' என்று போட்டிருந்தாள். ஆயுத பூஜை விடுமுறைக்கு மூன்று பேரும் கோகர்ணா கடற்கரைக்குப் போவதாக அறையும் பிடித்துவிட்டு, போனில் அம்மாவிடம் சொன்னாள்.

"அத்தா எப்படியும் படிக்கறதுக்குப் புத்தகம் எடுத்துவைப்பாரும்மா. அதுங்களோட இதையும் சொருகி வெச்சிடு. யாரு எழுதுனதுன்னு நீ வாயத் தொறக்கக் கூடாது. அவரா எடுத்துக்கிட்டா கடல்கிட்ட உக்காரவெச்சு நானே சொல்லிடறேன். எடுக்கலைன்னா, இதோட போதும். இனி அவருகிட்ட எதையும் காட்ட மாட்டேன்."

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், கம்பெனியில் பூஜை முடிந்து லால் பாஷா பொரிப் பொட்டலத்தோடு வந்தார். பொரி நமுத்துப்போனதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பிறகு சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்தார். சமையலறைத் தராசைக் கொண்டுவந்து வைத்தார். பையிலிருந்து பச்சை, சிவப்பு ஸ்டிக்கர் சுருள்களை எடுத்தார்.

"மொத்தம் ரெண்டு கிலோ. அதுக்கு மேல ஒரு கிராம் ஏறக் கூடாது" என்றார், யாரோ கேட்டதுபோல.

அலமாரியிலிருந்து முப்பத்தொரு புத்தகங்கள் இறங்கின. அவற்றின் நடுவில் மகளின் புத்தகத்தைச் செருகிவிட்டு, காத்தூன் எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தாள்.

பரிசோதனை முறை கம்பெனியில் உள்ளதுதான். முழுப் புத்தகத்தையும் எவன் பார்ப்பான்? பதினோராம் பக்கம், நடுப்பக்கம், கடைசியிலிருந்து ஐந்தாம் பக்கம், இந்த மூன்றும் போதும். முன்னுரை, காணிக்கை, நன்றியுரை எல்லாம் அவர் கணக்கில் வெறும் பேக்கிங்; அதைத் தொடவே மாட்டார். ஒரு புத்தகத்துக்கு எழுத்துப் பொடி. ஒன்றின் அட்டையில் மணல் ஒட்டும். இன்னொன்றின் பசை உப்புக் காற்றில் விட்டுப்போகும். ஒரு நாவலின் நாயகன் பதினோராம் பக்கத்திலேயே அழுதுவிட்டான்.

"இப்பவே அழறான். இவன் முன்னூறு பக்கம் எங்க தாங்கப் போறான்?" என்று சிவப்பை ஒட்டினார்.

அவன் தாங்கினான். இருநூற்றைம்பதாம் பக்கத்தில் அவனுக்காக அழுதது காத்தூன்தான். அவள் அடுத்த பீன்ஸை எடுத்து நறுக்கினாள். போர் வரலாறு ஒன்று, எழுநூற்று நாற்பது கிராம், பச்சை வாங்கியது. அதில் டீக்கடைச் சீட்டு இருபத்தாறாம் பக்கத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறது.

பிறகு அந்தப் புத்தகம் அவர் கைக்கு வந்தது.

"இது எப்ப வாங்கினேன்?"

"கண்காட்சியில நீங்கதான் எடுத்தீங்க" என்று காத்தூன் கூசாமல் பொய் சொன்னாள். எதை வாங்கினோம் என்றே தெரியாதவர் அதை நம்பினார்.

"சூளகிரியாளாம்! உங்க ஊருக்காரி போலிருக்குது. உங்க ஊருல எழுத்துக்கூட்டிப் படிக்கவே ஆளைத் தேடணும். இதுல எழுதறதுக்கு வேற ஒருத்தி."

காத்தூன் கத்தியைக் கீழே வைத்தாள். அந்த நேரத்தில் அது கையில் இருப்பது நல்லதாகப் படவில்லை.

ஐந்தாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. 'தப்புக் கண்டுபிடிக்கத் தெரிந்த என் அத்தாவுக்கு, இதில் இருக்கும் தப்புகளோடு.' லால் பாஷாவின் கட்டைவிரல் அந்தப் பக்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் பதினொன்றில் போய் நின்றது. உரக்கப் படித்தார்.

"'டீ வாய்க்குப் போவதற்கு முன்னாலேயே அவர் முகம் சுளித்துவிட்டார். சுளித்த பிறகுதான் குடித்தார்.' இந்தக் கூத்தைப் பாரு காத்தூன்! குடிக்கறதுக்கு முன்னாடியே எவன் மூஞ்சி சுளிப்பான்? இப்படி ஒரு மனுசன் எங்கயாச்சும் இருப்பானா? லாஜிக் வேணாம்?"

சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த டீயை எடுத்தார், முகத்தைச் சுளித்தார், குடித்தார்.

காத்தூனுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் ஒரே ஒரு பக்கம் திருப்பு, மனுசா, என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த அத்தா வேறு ஆள். காவிரிக்காகப் பந்த் நடந்த நாளில், பஸ் ஓடாத ரோட்டில், காய்ச்சல் கொதிக்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜூவாடியிலிருந்து ஓசூர் ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போகிறார். அது நடந்த கதை. அந்த நாளை மகள் இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து எழுதியிருந்தாள். புத்தகத்திலேயே நல்ல பக்கம் அதுதான்.

லால் பாஷா நேராக நடுப்பக்கத்துக்குப் போனார்.

"வீட்டுக்காரன் வேலைக்குப் போனதும் அவன் புத்தகத்தையெல்லாம் ஒருத்தி ஒளிஞ்சு ஒளிஞ்சு படிக்கிறாளாம். சினிமாத்தனம். எழுதனவளுக்கு ஒரு குடும்பம் எப்படி நடக்குதுன்னே தெரியல" என்றார். கடைசியிலிருந்து ஐந்தாம் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. சூளகிரியாள் என்ற பெயர் மறையும்படி சிவப்பு ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டினார்.

காத்தூனுக்கு அவர்மேல் இருந்ததெல்லாம் வெறும் சலிப்பு என்றுதான் அவளே இதுவரை நினைத்திருந்தாள். அது வெறுப்பு என்று அந்த நிமிடம் தெரிந்தது.

சாயங்காலம் இரம் வந்தாள். பையை இறக்கி வைப்பதற்கு முன்பே அவள் கண் மேசைக்குப் போனது. பச்சை ஒட்டிய நான்கு தடிப் புத்தகங்கள் ஒரு பக்கம். சிவப்புக் குவியலின் மேலே அவளுடையது.

"எத்தனை பக்கம் படிச்சீங்க அத்தா?" என்று அதைக் கையில் எடுத்துக் கேட்டாள்.

"அதுவா? ரெண்டு பக்கம். ரெண்டாவதே தேவையில்ல."

"ரெண்டு போதுங்களா?"

"இருபத்தெட்டு வருச சர்வீஸும்மா எனக்கு" என்று அவர் சிரித்தார்.

"சரிங்க அத்தா" என்றாள் இரம். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பின்னாலேயே ஓடிய காத்தூன், "நான் சொல்லிப்புடறேன்டி, அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடறேன்" என்றாள்.

"வேணாம்மா. சொல்லிட்டா மகளோடதுன்னு படிப்பாரு. அப்படிப் படிக்க வேணாம்" என்ற இரம் அழவில்லை. ஸ்டிக்கரை உரிக்கவும் இல்லை.

கோகர்ணாவில் லால் பாஷா கடலுக்குச் சிவப்பு ஒட்டவில்லையே தவிர மற்றதெல்லாம் சொன்னார். தண்ணீர் கலங்கல். மணல் கறுப்பு. மடியில் போர் வரலாற்றை விரித்து வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் பாதி நேரம் தூங்கினார். இரம் அவருக்கு வேளாவேளைக்கு டீ வாங்கித் தந்தாள், வெயில் படுகிறதா என்று கேட்டாள், நாற்காலியை நகர்த்திப் போட்டாள். மகள் எவ்வளவு மரியாதையாக நடந்துகொள்கிறாள் என்று அவருக்குப் பெருமை.

இரண்டாம் நாள் சாயங்காலம் அம்மாவும் மகளும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். அடுத்த புத்தகம் அச்சுக்குப் போகிறது என்று இரம் மெதுவாகச் சொன்னாள். காத்தூன் மகளின் கன்னத்தை ஈரக் கையாலேயே தடவினாள். அப்போது கரையிலிருந்து குரல் வந்தது.

"இரம்! நீ காலேஜ் படிக்கறப்ப ஏதோ கதையெல்லாம் எழுதுவியே, இப்ப எழுதறதில்லையா?"

இரம் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லைங்க அத்தா. அப்பவே விட்டுட்டேன்."

"பரவால்ல, எழுதும்மா! எழுதி எங்கிட்ட குடு. நான் பாத்துச் சொல்றேன்."

காத்தூன் வாயைத் திறந்தாள். மகள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சரிங்க அத்தா" என்றாள் இரம்.

இரண்டு பேரும் அவர் குரல் எட்டாத தூரத்துக்கு, இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்தார்கள்.